மூன்று மணிச் சங்கு

எங்கள் மில்லைப் பார்க்க இப்போது டிக்கெட் வாங்க வேண்டும். பஞ்சு மூட்டை இறங்கிய இடத்தில் காபி விற்கிறார்கள். நூல் நூற்கும் மிஷின் ஒன்றுக்குப் பளபளவென்று பெயின்ட் அடித்து, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள மேடை போட்டிருக்கிறார்கள். அந்த மிஷின் சத்தத்தில் பாதிக் காது போனவர் என் அப்பா. ஊட்டிக்குப் போகிற வேன்கள் இங்கேயும் நின்றுவிட்டுப் போகின்றன. போகட்டும், பூட்டிக் கிடந்து புதர் மண்டியதற்கு இது எவ்வளவோ மேல் என்றுதான் நானும் முதலில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு மில்லின் பழைய சங்கைச் சரிசெய்து ஊத ஆரம்பித்தார்கள். வேன் வந்து சேர்ந்ததும் வரவேற்பு மாதிரி ஒரு ஊதல். குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கின்றன. கேட்டுக்கு எதிரே, மில் ஆட்களுக்காகக் கட்டிய லைன் வீட்டில் இன்னும் குடியிருக்கும் எங்களுக்கு அது வேடிக்கை இல்லை. மில் ஓடிய காலத்தில், ஷிஃப்ட் மாறும் நேரத்துக்கு ஊதினால் கவலை கிடையாது. நேரம் தப்பி ஊதினால் உள்ளே தீ, இல்லையென்றால் யாருக்கோ அடி. பெண்கள் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி கேட்டுக்கு ஓடுவார்கள். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒரு பகலில் அப்படி ஊதியது. பஞ்சு குடோனில் தீ. கை வெந்துபோய் அப்பா வெளியே வந்தார். அவர் முகத்தைப் பார்க்கும் வரை அம்மா கேட்டுக் கம்பியை விடவில்லை.

அப்பா காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. அம்மாவுக்கு இப்போது காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதே நினைவில்லை. சங்கை மட்டும் மறக்கவில்லை. ஒவ்வொரு வேனுக்கும் ஓடினாள். செருப்பில்லாமல், முந்தானை நழுவ, அந்தத் தார் ரோட்டைத் தாண்டி. ஒருநாள் டவுன் பஸ் ஒன்று கிறீச்சென்று பிரேக் போட்டு நின்றது. கேட்டில் நின்ற ஒரு ஜோடி அம்மாவை வீடியோ எடுத்தது, அவளையும் மில்காரர்கள் ஏற்பாடு செய்த காட்சி என்று நினைத்து. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நேராக மேனேஜரிடம் போய்க் கத்தினேன். சின்ன வயசு, தன்மையான ஆள். குரலை உயர்த்தவே இல்லை.

“சங்க நிறுத்தச் சொல்லாதீங்க மேடம். வர்றவங்க அதத்தானுங்க கேக்கறாங்க.”

“அப்ப ஷிஃப்ட் நேரத்துக்கு ஊதுங்க. கண்ட நேரத்துல ஊதி எங்கம்மாவக் கொன்னுபோடாதீங்க.”

மறுநாளிலிருந்து பகல் மூன்று மணிக்கு மட்டும் ஊதினார்கள். அப்பாவின் ஷிஃப்ட் முடிகிற நேரம் அது. சங்கு ஊதியது, அம்மா ஓடவில்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

அவள் நிதானமாக எழுந்து முகம் கழுவினாள். பொட்டு வைக்கப் போன விரலைப் பாதியில் நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து நின்றாள். பார்க்க வந்த கூட்டம் கேட்டைத் தாண்டி வெளியே வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

“எல்லாரும் வந்துட்டாங்களே கண்ணு. உங்கப்பாவ மட்டும் காணமே?”

அப்பா இல்லை என்று சொன்னேன். அன்றுதான் கேட்பவள் போல அழுதாள். மறுநாளும் அதே கேள்வி. அந்த அழுகையை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

“டபுள் ஷிஃப்ட்டும்மா. ஆள் வரலையாம், அப்பாவ இருக்கச் சொல்லிட்டாங்க.”

அவள் முகம் தெளிந்தது. உள்ளே போனாள். டபுள் ஷிஃப்ட் என்றால் வீட்டிலிருந்து சாப்பாடு போக வேண்டும். சின்ன வயதில் அதைக் கேட்டுக்குக் கொண்டுபோனவள் நான்தான். சொல்லும்போது எனக்கு அது நினைவே வரவில்லை. அம்மா அரிசிம்பருப்புச் சோற்றைத் தூக்குப்போசியில் போட்டு மூடிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

“ஆறிப்போறதுக்குள்ள குடுத்துட்டு வா கண்ணு.”

அவள் வாசலிலேயே நின்றுகொண்டதால் நான் ரோட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டியிருந்தது. கேட்டில் செக்யூரிட்டி கையை நீட்டி மறித்தார்.

“ஏனுங்க அக்கா, வெளிச் சாப்பாடு உள்ள உடறதில்லீங்க.”

திரும்பிப் பார்த்தேன். குடு, குடு என்று அம்மா அங்கிருந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.