கண்மாயில் வந்த மர்மக் கப்பல்

மதுரையிலிருந்து சோழவந்தான் போகிற சாலையோரம் ஒரு கன்டெய்னர் யார்டில் நான் பாதுகாப்பு அதிகாரி. ஏற்றுமதிச் சரக்கைப் பெட்டிகளில் அடைத்து, சீல் வைத்து, லாரியில் தூத்துக்குடிக்கு அனுப்புவோம். கப்பல் அங்கேதான். எங்கள் சுவரைத் தாண்டினால் தென்னந்தோப்பு, நெல்வயல், ஒரு கண்மாய்.

ஆனாலும் காகிதத்தில் நாங்களும் துறைமுகம்; ‘உலர் துறைமுகம்’ என்று பெயர். துறைமுகம் என்றால் மத்திய அரசு ஒப்புதல் தந்த பாதுகாப்புத் திட்டம் இருக்க வேண்டும். அதன்படி அவ்வப்போது ஒத்திகை நடத்த வேண்டும். எங்கள் மேனேஜர், கடலோரத் துறைமுகம் ஒன்றின் திட்டத்தை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டார். அதில் ‘கடல்பக்கப் பாதுகாப்பு’ என்று ஓர் அத்தியாயமே இருந்தது. ஒப்புதலும் வந்துவிட்டது.

“சார், நமக்கு ஏது கடல்?” என்று கேட்டேன்.

“விடுங்க. யாரு வந்து பாக்கப் போறா?”

ஒரு கார்த்திகை மாதம், நல்ல மழைக்குப் பிறகு, ஒரு ஆய்வு அதிகாரி வந்து பார்த்தார். அதிர்ந்து பேசாத மனிதர். வெளி வாசல், கேமரா, சீல் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, “கடல்பக்க ஒத்திகை?” என்றார்.

“கடல் இல்லையே சார்.”

“திட்டத்துல இருக்கே. திருத்தணும்னா புதுசா ஒப்புதல் வாங்கணும். அதுவரைக்கும் இதுல உள்ளதத்தான் செய்யணும்.” சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார். கண்மாய் நிறைந்து, தண்ணீர் எங்கள் பின்சுவர்வரை வந்திருந்தது. “அது நீர்ப்பரப்புதானே?”

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன். நடுவில் லாரி டியூப் ஒன்றில் உட்கார்ந்து ஒருவர் வலை போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து ஊரில் விவசாயம் பார்க்கிற சம்சாரி. கண்மாயில் மீன்குத்தகையும் அவருக்குத்தான்.

“அடையாளம் தெரியாத கலம் ஒன்று நெருங்குது,” என்றார் அதிகாரி. “ஆரம்பிங்க.”

திட்டத்தில் எழுதியிருந்தபடி மைக்கை எடுத்து, ஒரு வார்த்தை மாறாமல் வாசித்தேன். “கலத்தின் தலைவர் கவனத்திற்கு! உங்கள் பெயர், கொடி, புறப்பட்ட துறைமுகம் ஆகியவற்றைத் தெரிவிக்கவும்!”

டியூப்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு கத்தினார்: “என்னண்ணே, கெண்டை வேணுமா?”

“திருப்திகரமான பதில் இல்லை,” என்று அதிகாரி குறித்துக்கொண்டார். “இரண்டாம் நிலை எச்சரிக்கை.”

சைரன் அலறியது. வாசல்கள் மூடப்பட்டன. சாலையில் லாரிகள் வரிசைகட்டி, அவற்றுக்குப் பின்னால் ஒரு டவுன் பஸ்ஸும் மாட்டிக்கொண்டது. சிரித்தால் வேலை போய்விடும் என்ற பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். காவலாளிகள் இருவர் பின்கதவு வழியாக முழங்கால் சேற்றில் இறங்க, அவர் தானாகவே டியூபை ஓட்டிக்கொண்டு கரைக்கு வந்தார். அவரையும் டியூபையும் மீன் பையையும் என் அறைக்குக் கொண்டுவந்தார்கள்.

“நான் என்ன தப்புண்ணே பண்ணேன்?”

“ஒண்ணுமில்லண்ணே, ஒத்திகை. டீ குடிங்க.”

“ஒத்திகைன்னா முதல்லயே சொல்ல வேண்டியதுதான? சைரனக் கேட்டு இருந்த மீனெல்லாம் ஓடிப்போச்சு. இம்புட்டுதான் மிச்சம்.” பையைத் திறந்து அதிகாரியிடமே காட்டினார். அதிகாரி தீவிரமாக எட்டிப் பார்த்து, “ஆயுதம் ஏதும் இல்லை,” என்று எழுதினார்.

அப்போதுதான் சிக்கல் வந்தது. பிடிபட்டவரை வெளியே விட அவரிடம் நுழைவு அனுமதி அட்டை இருக்க வேண்டும். வாசல் வழியாக நுழையாமலே வந்தவருக்கு அது இல்லை. கடைசியில் புகைப்படம் எடுத்து ஒரு அட்டை அடித்துக் கொடுத்தோம். தொழில் என்ற இடத்தில் ‘கலத்தின் தலைவர்’ என்று மேனேஜரே நிரப்பினார். டியூப்காரர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, டியூபைத் தோளில் போட்டு, முன்வாசல் வழியாகக் கம்பீரமாகப் போனார். லாரிக்காரர்கள் வழிவிட்டார்கள்.

ஆய்வில் தேறிவிட்டோம். திருத்தத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். இன்னும் பதில் இல்லை. அடுத்த ஒத்திகைக்கு முதல் நாளே டியூப்காரரிடம் போய்ச் சொன்னேன். மறுநாள் தேய்த்த வெள்ளைச் சட்டையோடு டியூபில் உட்கார்ந்திருந்தார்.

“நான் வந்துட்டேண்ணே! எம்புட்டு நேரம் புடிச்சு வப்பீக? மத்தியானம் காளவாசல்ல ஒரு விசேஷம் இருக்கு.”

“வெரசா விட்டுர்றோம்,” என்று மைக்கிலேயே சொன்னேன்.