ஒரு லிஸ்ட்டும் மூன்று கட்சிக் கையெழுத்தும்

கையெழுத்து வாங்குகிற வேலை இருக்கிறதே, அதில் நாம் பேனாவை நீட்டுவதற்குள் எதிரே இருப்பவர் நம்முடைய ஊர், தெரு, கட்சி, நம்மை அனுப்பியது யார் என்பது வரை விசாரித்து முடித்திருப்பார். எதற்காவது மனுவோடு படியேறி இறங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

நான் சட்ட உதவித் தன்னார்வலர். பாகூர் பக்கத்துக் கிராமங்களில் ஸ்டேஷன், கோர்ட் என்று அலைகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பேன், துணைக்குப் போவேன். எங்கள் பக்கத்து ஸ்டேஷனில் ஒரு லிஸ்ட் உண்டு. எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள், நாளைக்கும் நான் அங்கே போயாக வேண்டும். தேர்தல் வந்தால் தகராறு செய்யக்கூடியவர்கள் என்று அதில் சில பேர் இருக்கிறார்கள். ஏறின பேர் இறங்காது. வழக்கு தோற்றுப் போயிருக்கும், ஆளுக்கு மூட்டுவலி வந்திருக்கும், பேர் மட்டும் அப்படியே இருக்கும். ஐந்து வருஷம் எந்த வழக்கும் இல்லாதவர்களின் பேரை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் மனு. ஒரு கட்சி மட்டும் கேட்டால் அரசியல் என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஆகவே மூன்று கட்சியும் ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். இங்கேதான் என் கெட்ட காலம் தொடங்கியது.

புடவை

முதல் நாள் சிவப்புப் புடவையில் போனேன். ஆளும் கட்சியின் கொம்யூன் செயலாளர் (ஒன்றியத்துக்கு எங்கள் பக்கத்தில் கொம்யூன் என்று பேர்), அரிசி மில் வைத்திருப்பவர், மனுவைப் பார்க்கவில்லை, புடவையைத்தான் பார்த்தார். மறுநாள் பச்சை. அதற்கும் ஒரு அர்த்தம் இருந்தது. மஞ்சளுக்கு இரண்டு அர்த்தம். கறுப்பு கட்டலாமா என்று கேட்டதற்கு என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். வில்லியனூரில் ஒரு ஜவுளிக்கடையில் அரை நாள் உட்கார்ந்து, எந்தக் கொடியிலும் இல்லாத ஊதாவில் ஒரு புடவை எடுத்தேன். அதைக் கட்டிக்கொண்டு மூன்றாவது முறை போனபோது மில்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சரி, புதுசா கட்சி ஆரம்பிக்கிறீங்க. தலைவரு யாருன்னு மட்டும் சொல்லிடுங்க."

எல்லாச் சின்னமும் வரைந்தவர்

யாருக்காக இந்தப் பாடு என்றால், முக்கியமாகக் குமரவேலுக்காக. ஒரு காலத்தில் சுவர் விளம்பரம் எழுதினவர். யார் கூப்பிட்டாலும் போய் எழுதுவார். பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சுவருக்காக இரண்டு கட்சிக்காரர்கள் அடித்துக்கொண்டபோது, ஏணி மேல் நின்றிருந்த இவரையும் பெயின்ட் டப்பாவோடு சேர்த்து அள்ளிப் போனார்கள். கோர்ட்டில் விடுதலையாகிவிட்டார். லிஸ்ட்டில் ஆகவில்லை. தேர்தல் தேதி வந்தால் ஒழுங்காக இருப்பேன் என்று பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும், தினமும் காலையில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், ஓட்டுப்பதிவு அன்று விடிந்ததிலிருந்து சாயங்காலம் வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வேண்டும்.

ஃப்ளெக்ஸ் வந்து சுவர் வேலை போனதும் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். மூலக்குளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் டிரைவர் வேலை தயாராக இருந்தது. போலீஸ் சான்றிதழ் கொண்டுவந்தால் மறுநாளே சேரலாம். லிஸ்ட்டில் பேர் இருக்கிறவருக்கு யார் சான்றிதழ் தருவார்கள்? எந்தக் கட்சியும் அவருக்காகப் பேசவில்லை. ஒவ்வொரு கட்சியும் அவர் அடுத்த கட்சியின் சின்னத்தை வரைந்ததைக் கண்ணால் பார்த்திருந்தது. இதை அவரிடமே கேட்டேன். சிரிக்காமல் சொன்னார்:

"எந்தச் சின்னம் வேணும்னாலும் கேளுங்க மேடம், கண்ண மூடிக்கினு வரைவேன். பட்டனை அமுக்கத்தான் பதிமூணு வருசமா வுட மாட்றாங்க."

முதல் பேர்

மனுவின் கடைசியில் மூன்று கோடு போட்டு வைத்திருந்தேன். முதல் கோட்டில் யார் போடுவது என்று யாரும் சண்டை போடவில்லை. அப்படிச் சண்டை போட்டிருந்தால் பிழைத்திருப்பேன். முதலில் போட யாருமே தயாரில்லை. அவர்கள் போடட்டும், பிறகு பார்க்கலாம் என்றார் மில்காரர். எதிர்க்கட்சிச் செயலாளர் கரும்பு விவசாயி, நெட்டப்பாக்கம் பக்கத்தில் நிலம். வரப்பிலேயே நிற்க வைத்து மனுவை இரண்டு முறை படிக்கச் சொன்னார். பிறகு தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். வெறும் வெள்ளைத் தாள். அதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

அவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. இவர்களை நானும் நம்பவில்லை. மனுவை எவர் கையிலும் விட்டுவிட்டு வரமாட்டேன், தண்ணீர் குடிக்கும்போதும் ஒரு விரல் அதன் மேல் இருக்கும். கரும்புக்காரர் அதையும் கவனித்துவிட்டார்:

"நல்ல விசயம்னா எங்க பசங்களே கேட்டிருப்பாங்களே. நீங்க எதுக்கு கேக்குறீங்க?"

வேண்டாம், விடுங்க

ஐந்தாவது முறை மில்லுக்குப் போன அன்று பள்ளிக்கூடத்திலிருந்து குமரவேலுக்குத் தகவல் வந்திருந்தது. மாசக் கடைசி வரைதான் காத்திருப்பார்களாம். மில்காரர் வழக்கம்போலப் பிறகு பார்க்கலாம் என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "வேண்டாம், விடுங்க. உங்க கையெழுத்து இல்லாமலே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். பாதி வழியில் அழுகையும் வந்தது. மாசக் கடைசிக்குள் குமரவேலுக்குச் சான்றிதழ் கிடைக்காது என்றே நினைத்துவிட்டேன். பாலத்தைத் தாண்டுவதற்குள் போன் அடித்தது. மில்காரர்தான், திரும்பி வரச் சொன்னார். தாளைப் பிடுங்காத குறையாக வாங்கி, முதல் கோட்டில் தேதியோடு கையெழுத்துப் போட்டார்.

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. கேட்டால் சூழ்ச்சி. கேட்காவிட்டால் அதைவிடப் பெரிய சூழ்ச்சி. கரும்புக்காரரிடம் போய், மில்காரர் போட்டுவிட்டார், உங்களைக் கஷ்டப்படுத்தவில்லை என்று மட்டும் சொன்னேன். மனுவைக் கண்ணில் காட்டக்கூட இல்லை. அவரே கேட்டு வாங்கிப் போட்டார். மூன்றாவது கட்சிக்காரருக்குக் கிருமாம்பாக்கம் ரோட்டில் ஜெராக்ஸ் கடை. அவரிடம் நான் கையெழுத்தே கேட்கவில்லை. ஒரு காப்பி எடுத்துத் தாருங்கள் என்று தாளை நீட்டினேன், அவ்வளவுதான். மெஷினில் வைக்கப் போனவர் மேலே இருந்த இரண்டு பேரையும் படித்தார், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்:

"ரெண்டு பேரும் எங்களை வுட்டுட்டு ஒண்ணா சேந்து இன்னா பண்றாங்க? எனுக்கும் ஒரு கோடு இருக்குதுல்ல, அது யாருக்கு?"

இன்ஸ்பெக்டர்

மனுவை மூன்று செயலாளர்களும் நேரில் வந்து கொடுத்தார்கள். ஒருவர் கொடுத்து அவர் பேர் மட்டும் பேப்பரில் வந்துவிடக் கூடாதே. மூன்று வண்டியும் ஒரே நேரத்தில் ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றதும் சென்ட்ரியின் முகம் மாறியது. உள்ளேயிருந்து இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டே ஓடி வந்தார்:

"மூணு பேரும் சேந்தாப்புல வந்திருக்கீங்க. எங்க, யாரு செத்தது?"

சீல்

மனு மேலே போனது. லிஸ்ட்டை மறுபடி பார்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. மாசக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது குமரவேலின் சான்றிதழும் வந்தது. நானே அவர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவர் கையில் வாங்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாங்கிப் பார்த்தது அவர் மனைவி செல்வி. முன்னும் பின்னும் திருப்பி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கடைசியில் என்னைப் பார்த்தார்:

"இதுல எந்தக் கட்சி சீலும் இல்லியே யக்கா. செல்லுமா?"

மஞ்சள் வேன்

செல்லுபடியானது. குமரவேல் வேன் ஓட்டினார். வேனின் பின்பக்கம் 'குழந்தைகள் கவனம்' என்று அவர் கையாலேயே எழுதியிருந்ததைப் பார்த்து எனக்கு அத்தனை சந்தோஷம். மூன்று கட்சிக்காரர்களும் தனித்தனியாக அவர் வீட்டுக்குப் போய், பேரை எடுத்துக் கொடுத்தது தாங்கள்தான் என்று சொல்லிவிட்டு வந்தார்கள்.

பிறகு தேர்தல் தேதி அறிவித்தார்கள். நாலு நாள் கழித்து ஸ்டேஷன் வழியாகப் போனேன். வாசலில் அந்த மஞ்சள் வேன் நின்றிருந்தது. மறுபடி பேரை ஏற்றிவிட்டார்கள், இத்தனை நாள் அலைந்தது வீண் என்று நினைத்துக்கொண்டே உள்ளே ஓடினேன். குமரவேல் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு நேராக வந்திருக்கிறார். ரைட்டர் மேஜைக்கு முன்னால், ஏட்டையாவுக்கு எதிரே, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"நீங்களே சொல்லுங்க மேடம். பேரு இல்லை, போய்யான்னா போக மாட்றாரு. கையெழுத்து போட்டுட்டுத்தான் போவேன்றாரு" என்றார் ஏட்டையா.

வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். ஓட்டுப்பதிவு அன்று நீங்கள் உட்கார வேண்டியது இந்தப் பெஞ்சில் இல்லை, போக வேண்டியது வாக்குச்சாவடிக்கு என்று சொன்னேன். தலையை ஆட்டினார். வேனில் ஏறினவர் ஸ்டார்ட் செய்யவில்லை. ஸ்டேஷன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்:

"கூப்புட்டா பயமில்ல மேடம், போயி கையெழுத்து போட்டா முடிஞ்சிது. நாலு நாளா கூப்புடவேயில்ல. இன்னா பண்ணப் போறாங்களோன்னு தூக்கமே வரல."

லிஸ்ட்டிலிருந்து அவர் பேரை எடுக்க மூன்று கட்சிக் கையெழுத்து போதுமாக இருந்தது. அவர் மனசிலிருந்து ஸ்டேஷனை எடுக்க யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், அதே ஊதாப் புடவையில் வந்து நிற்கிறேன்.