அக்காவின் மனக்கணக்கு

அந்தக் கல்லூரிப் பெண் விடியற்காலையில் ரொட்டிக்கடையில் மாவு பிசைவாள், காலையில் பாடம் கேட்பாள், மதியம் அரசுப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுப்பாள். கல்லூரியும் பள்ளியும் கைகோத்து, உதவித்தொகை கொடுத்து நடத்தும் ஏற்பாடு அது; பிள்ளைகளுக்கு அவள் 'அக்கா'. தலைமையாசிரியை ஒரு புகார் எழுதினால் போதும், உதவித்தொகையும் படிப்பும் சேர்ந்தே போய்விடும்.

அன்று பின்னம் நடத்திக்கொண்டிருக்கும்போதே நாற்காலியில் கண்ணயர்ந்துவிட்டாள். அதிசயமாக அன்றுதான் வகுப்பு அமைதியாக இருந்தது. அந்த அமைதியே சந்தேகத்தைக் கிளப்ப, தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார்.

"அக்கா தூங்கல மிஸ்," என்றாள் முதல் பெஞ்சுச் சிறுமி, யாரும் கேட்காமலேயே. "மனக்கணக்கு போடுறாங்க."

தலைமையாசிரியைக்கும் காலையிலிருந்து நின்று கால்வலி. காலி பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தார்.

"விடை வர்ற வரைக்கும் நானும் இருக்கேன். யாரும் சத்தம் போடாதீங்க."