கேஜ் மாட்டிய வாய்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூரில் ஒரு கார் ஏசி ஒர்க்ஷாப்பில் சீனியர் மெக்கானிக்காக இருந்தேன். பூந்தமல்லி மரக்கடை முதலாளி ஒருவரின் கார் ஒரே கோடையில் மூன்றாம் முறையாக வந்து நின்றது. கேஸ் காலி.

"இன்னாபா, டிப்ளமாவ ஃபிரேம் போட்டு மாட்டிகினுகீறியே, அதுக்குப் பின்னால ஓட்டை கீதான்னு பாரு" என்றார் அந்த முதலாளி. எல்லாரும் சிரித்தார்கள்.

சுருக்கென்றது. கேஸ் நிரப்பி, அழுத்தம் பார்க்க மாட்டிய கேஜைக் கழற்றாமலே, ஷேவிங் பிரஷ்ஷில் சோப்பு நுரை தொட்டு ஒவ்வொரு ஜாயின்ட்டாகத் தடவினேன். காருக்கு முகச்சவரம் செய்ததுதான் மிச்சம். ஒரு குமிழிகூட வரவில்லை. எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். "லீக்கே இல்லை சார். டிரைவர் எதையாவது நோண்டியிருப்பார்" என்றேன்.

முதலாளி டிரைவர் கன்னியப்பனிடம் திரும்பினார். "இன்னொரு வாட்டி கேஸ் போச்சுன்னா சாவிய வச்சிட்டுப் போய்க்கினே இரு."

பத்தே நாளில் கன்னியப்பன் தனியாக வந்தார். "லீக்கு எங்கன்னு எழுதி வாங்கியாரச் சொன்னாரு சார். இல்லாங்காட்டி எனக்கு வேல இல்ல."

மறுபடி நிரப்பினேன், தடவினேன். ஒன்றுமில்லை. அலுத்துப்போய் கேஜைக் கழற்றினேன். கன்னியப்பன் விரலில் எச்சில் தொட்டு, கேஜ் மாட்டியிருந்த குழாய் வாயில் வைத்தார். குமிழி கிளம்பியது.

"சார், கொயந்த மாரி முட்ட உடுது பாரு!"

அந்த வாய்க்குள் இருந்த சின்ன வால்வுதான் கசிந்தது. கேஜ் மாட்டினால் அதுவே அடைத்துக்கொள்ளும்; கழற்றினால் கசியும். மேலே இருக்கவேண்டிய மூடி, நான் முதல்முறை கழற்றிப்போட்டது, என் டூல் பாக்ஸிலேயே கிடந்தது.

வால்வை மாற்றி மூடியைப் போட்டேன். ஜாப் கார்டில் அதை எழுதினால் முதலாளி மறுபடி சிரிப்பார். 'கேஸ் நிரப்பப்பட்டது' என்று மட்டும் எழுதினேன். கன்னியப்பனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "நல்லாருப்ப சார்" என்று கார்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அன்றைக்கே அவருக்கு வேலை போயிற்று.

இன்று இந்த வேலை செய்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். கேஜைக் கழற்றிய பிறகு, நீங்கள் கை வைத்த இடத்தைக் கடைசியாகச் சோதியுங்கள். கண்டதை அப்படியே எழுதுங்கள்.

சில வருடம் கழித்துத் திருவேற்காட்டில் ஒரு ஷேர் வேனில் ஏறப்போனேன். ஓட்டுநர் இருக்கையில் கன்னியப்பன். கால் நின்றுவிட்டது.

"ஏறு சார், பயப்படாத" என்றார். "இதுல ஏசி கெடையாது."