வீடு வந்த நாளும் ஊசி போட்ட நாளும்

"செல்வி பாப்பாவுடன் மேனாம்பேட்டுக்கு வந்தாள். மூன்று மாத ஊசி போட்டாயிற்று." என் டைரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பு இது.

பிரசவத்துக்கு நெமிலிச்சேரியில் உள்ள தாய்வீடு போன என் மனைவி, மூன்றாம் மாதம் குழந்தையோடு திரும்பிய நாள் அது. அடுத்த கர்ப்பத்தைத் தள்ளிப்போடும் ஊசியை நெமிலிச்சேரியிலேயே போட்டுக்கொண்டதாகச் சொன்னாள். என்றைக்கு என்று நான் கேட்கவில்லை. குறிப்பு எழுதிய நாளிலிருந்தே மூன்று மாதம் எண்ணி, அடுத்த ஊசிக்கு அழைத்துப் போனேன்.

நர்ஸ் அவளுடைய அட்டையைப் பார்த்தார். அதில் இருந்த ஊசித் தேதி, அவள் வீடு திரும்பியதற்கு ஐந்து வாரம் முந்தையது. "இன்னா சார், அஞ்சு வாரம் தாண்டிப்போச்சே. மொதல்ல டெஸ்ட் எடுக்கணும்."

சிசேரியன் ஆகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. இரண்டு வருட இடைவெளி கட்டாயம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முடிவுக்காகக் காத்திருந்தோம். செல்வி என் பக்கம் திரும்பினாள்.

"பாப்பா தும்முனதுக்குக்கூட தேதி போட்டு வெச்சிகீறியே மாமா, எனக்கு ஊசி குத்துன தேதிய கேக்கத் தோணலியா?"

நல்லவேளை, கர்ப்பம் இல்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் சோதித்துவிட்டு, அவள் விருப்பப்படி காப்பர்-டி பொருத்தினார்கள். என் கணக்கை நம்பி இருக்கத் தேவையில்லாதது அதுதான் என்றாள்.

இப்போதெல்லாம் அட்டையைப் பார்க்காமல் நான் எந்தத் தேதியும் எழுதுவதில்லை. காப்பர்-டி பத்து வருடம் தாங்கும் என்று நர்ஸ் சொன்னார். ஐந்து வருட வகையும் உண்டாம். அட்டையில் பொருத்திய தேதி மட்டுமே இருக்கிறது. எந்த வகை என்பதை இன்னும் உறுதிசெய்யவில்லை. அதுவரை என் டைரியில் 'பத்து' பென்சிலில்தான் இருக்கும்.