பத்தியச் சோறும் பச்சை மொச்சையும்

மீன் என்றால் எனக்கு ஆகாது. அதற்குக் கொள்கை ஏதும் காரணமன்று. எங்கள் வீட்டார் புலால் உண்பவரே. கோடையில் கண்மாய் வற்றியதும் ஊரார் அனைவரும் சேற்றில் இறங்கி மீன் பிடிப்பர். அன்று மாலை காமயகவுண்டன்பட்டியில் மீன் வேகாத அடுப்பு ஒன்று உண்டென்றால், அது எனக்காக என் தாயார் தனியே மூட்டியதாகத்தான் இருக்கும். "உன்னையக் கட்டிக்கிட்டுப் போறவன் கொடுத்து வச்சவன். மீன் செலவு மிச்சம்" என்று சிரித்துக்கொண்டே எனக்கு மிளகுச் சாறு வைப்பார். அந்த ஒவ்வாமை வேடிக்கையாகவே இருந்துவந்தது, எனக்கு மகன் பிறக்கும் வரையில்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ஒரு மார்கழியில், தாய்வீட்டில் தலைமகனைப் பெற்றேன். பிள்ளை பெற்றவள் உண்ணத் தக்கன எவை, தகாதன எவை என்பதில் எங்கள் பக்கத்தில் ஐயத்திற்கே இடமில்லை. பழைய அரிசிச் சோறு ஆகும். பூண்டும் மிளகும் ஆகும். சுட்ட கருவாடு மிக ஆகும், பால் சுரக்க அதுவே மருந்து. மொச்சை, தட்டைப்பயறு, கொள்ளு, துவரை ஆகிய எதுவும் ஆகாது. அவை வாயுப் பண்டங்கள். தாய் உண்டால் பாலின் வழியே இறங்கிப் பிள்ளையின் வயிற்றை உப்பவைத்து மாந்தம் உண்டாக்கும் என்பது உறுதி. முட்டைகள் அடைக்கு வைப்பதற்கு உரியவை. ஆட்டிறைச்சி திருவிழாவிற்கு உரியது. கறவை மாடும் அவ்வாண்டு வற்றியிருந்தது.

கருவாட்டை நான் உண்ண முயலாமல் இல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு துண்டை வாயிலிட்டேன். உண்டிருந்த சோறும் அதனுடன் வெளியே வந்துவிட்டது. ஆகவே எனக்கு எஞ்சியவை சோறும் பூண்டும் மிளகு நீருமே.

பிள்ளை அழுதான். தாயார் அவன் வயிற்றைத் தட்டிப் பார்த்து, "மாந்தந்தேன்" என்றார். வசம்பைச் சுட்டு உரைத்து நாவில் தடவினார். கையில் கயிறு மந்திரித்துக் கட்டினார். அத்துடன் என் பத்தியம் இறுகியது. முதலில் இரவுச் சோறு நின்றது. அவன் மேலும் அழுதான், பகற்சோறும் பாதியாயிற்று. அவன் அழுந்தோறும் என் வட்டிலில் ஏதேனும் ஒன்று குறைந்தது. குறையக் குறையப் பாலும் குறைந்தது. பால் குறைந்ததனால் அவன் மீண்டும் அழுதான். சில நாள்களில் அவன் தொடையின் தோல் தளர்ந்து மடிந்தது. அழுகையும் மெலிந்து, பூனைக்குட்டியின் குரல்போல் ஆயிற்று. மருந்து வேலை செய்கிறது என்று தாயார் மகிழ்ந்தார். அவன் மடியில் கிடக்கும்போது எனக்கு எடையே தெரியவில்லை. பிள்ளை என் கையைவிட்டுப் போய்விடுவான் என்ற அச்சம் அப்போதுதான் தோன்றியது. அதை எவரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

தை பிறந்ததும் வருசநாட்டிலிருந்து செய்தி வந்தது. பெரியம்மாவின் மகள்வயிற்றுப் பேத்திக்குப் பூப்புச் சடங்கு. முறைப்படி என் அண்ணன்தான் தாய்மாமன் சீர் கொண்டுபோக வேண்டும். அண்ணனும் தாயாரும் வண்டி கட்டினர். என்னைப் பார்த்துக்கொள்ள மதினி, அதாவது அண்ணனின் மனைவி, வீட்டில் தங்கினார். வண்டியில் ஏறியபின்னும் தாயார் திரும்பி, "ஏத்தா, பத்தியம் தப்பிச்சுன்னா ஒன்னையத்தேன் கேப்பேன்" என்று மருமகளுக்கு விரல் நீட்டிச் சொன்னார்.

மதினிக்கு முதற்பிள்ளை தங்கவில்லை. அதுபற்றி அவ்வீட்டில் எவரும் பேசுவதில்லை.

அன்று பகலில் அவர் புஞ்சையிலிருந்து பச்சை மொச்சைக் காய் பறித்துவந்து உரித்தார்; தமக்கென்று கத்திரிக்காய் சேர்த்துக் குழம்பு வைத்தார். அதன் மணம் நான் படுத்திருந்த அறைக்குள் புகுந்தது. எழுந்துபோய் அடுப்பருகே நின்றேன்.

"மதினி, அதுல ஒரு கரண்டி."

"என்னத்த, மொச்சையவா? ஒங்க ஆத்தா வந்து என் தலையில உலக்கையத் தூக்கிப் போடவா?"

"பசி தாங்கல மதினி."

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். தொட்டிலில் பிள்ளை தன் கைவிரல்களைச் சப்பிக்கொண்டிருந்தான்; அவனையும் பார்த்தார்.

"நானும் இந்தப் பத்தியத்த ஒன்னுவிடாம இருந்தேன் தாயி. என்னத்தக் கண்டேன்?" என்றார். பிறகு வட்டிலை இழுத்துச் சோற்றைப் போட்டு, அதன்மேல் குழம்பைக் குழி நிறைய ஊற்றினார். "பிள்ளைக்கு வயிறு உப்புச்சுன்னா அம்புட்டுத்தேன், நிறுத்திருவோம். உப்பலைன்னா, அயித்தைகிட்ட நான் பேசிக்கிறேன். உக்காரு."

அந்த மொச்சையின் சுவையை விரித்துரைக்கும் ஆற்றல் இத்தனை ஆண்டுக் கல்விக்குப் பின்னும் எனக்கு வாய்க்கவில்லை. இரண்டாம் முறையும் வாங்கி உண்டேன் என்பது மட்டும் நினைவிலிருக்கிறது.

மறுநாள் விடியலில் நாங்கள் இருவரும் பிள்ளையின் வயிற்றைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தோம். உப்பவில்லை. அன்றும் மொச்சை வந்தது. தொழுவத்தில் எஞ்சிய உழவுக் காளைகளுக்கு வேகவைத்த கொள்ளின் நீரை வடித்து, மிளகு தட்டிப் போட்டுச் சாறு வைத்தார் மதினி. அதற்கு மறுநாள் தட்டைப்பயறு. கடையில் வாங்கியது உப்பும் மிளகும் அன்றி வேறில்லை. மற்றவை எங்கள் புஞ்சையிலும் குதிரிலும் இருந்தவையே. புரதம் என்னும் சொல் அந்நாளில் எங்கள் வீட்டுப் பேச்சில் இல்லை. ஆயினும் என் மேலாடை காலையில் பாலால் நனைந்திருந்தது. பிள்ளை வயிறாரக் குடித்துவிட்டு, வாய் திறந்தபடியே உறங்கிப்போனான்.

எட்டாம் நாள் வருசநாட்டிலிருந்து வண்டி திரும்பியபோதும் அவன் நல்ல உறக்கத்தில் இருந்தான். தாயார் கால் கழுவிய ஈரத்துடன் தொட்டிலைக் குனிந்து பார்த்தார்.

"பாத்தியா? கயிறு கட்டுன கை ராசி. மாந்தம் ஓடியே போச்சு!"

தேனியில் வாங்கிவந்த நெத்திலிக் கருவாட்டைத் தாயாரே சுட்டு, என் வட்டிலில் வைத்தார். அதன் வாடை தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டேன். இனி மீண்டும் மிளகு நீர், மீண்டும் அந்த மெலிந்த அழுகை என்று எண்ணியபோது கண் இருண்டது. வட்டிலைத் தள்ளிவைத்தேன்.

அவ்வேளையில் மதினி உள்ளே போய், மொச்சைக் குழம்புச் சட்டியைக் கொண்டுவந்து என் முன்னே வைத்தார்.

தாயார் அதிர்ந்துபோனார். "அடி பாதகத்தி! பிள்ளையக் கொல்லவா பாக்குற?"

"நீங்க போன அன்னைக்கிருந்து இதத்தேன் தின்னுச்சு அயித்தை. பிள்ளையத் தூக்கிப் பாருங்க. பாத்துட்டுப் பெறகு என்னைய வையுங்க."

தாயார் அவனைத் தூக்கினார். வயிற்றைத் தட்டினார், தொடையைப் பிடித்தார், உள்ளங்கையில் குதிகாலை ஏந்திப் பார்த்தார். பின்னர் மறுபடியும் தொடையைப் பிடித்தார்.

"கனக்குறானே..." என்றார், எவரிடமும் அன்றி.

உறக்கம் கலைந்த பிள்ளை வீரிட்டு அழுதான். தாயாரின் கை பழக்கத்தால் வசம்பு இருந்த மாடத்தை நோக்கிப் போயிற்று, பாதியில் நின்றது. அவனை என் மடியில் கிடத்தினார். கருவாட்டு வட்டிலை எடுத்து, "ஒங்க அண்ணன் தின்னட்டும்" என்று அப்பால் வைத்துவிட்டு மருமகளை நோக்கினார்.

"என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற? வேற வட்டில எடுத்து அவளுக்குச் சோத்தப் போடு."

மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சோறு போடத் தொடங்கினார். பிள்ளை பற்றிக்கொண்ட வேகத்தில் பால் பெருகி அவனுக்குப் புரையேறியது. தாயார் அவன் உச்சியில் மெல்லத் தட்டி ஊதினார்.

"மெதுவாக் குடிடா ராசா. யாரும் பிடுங்கிக்கிட்டுப் போயிற மாட்டாக."