நிலையத்தின் சொத்தான சிரிப்பு

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் வானொலி நிலையத்தின் நிர்வாகம் அவசரமாகக் கூடி, நிலையத்தின் வரலாற்றில் இடம்பெறத்தக்க ஒரு முடிவை எடுத்தது. கலையகத்தில் இருக்கும் சிரிப்புப் பொத்தானின் மேல் கறுப்பு நாடா ஒட்டப்படும். அடக்கம் முடியும்வரை அதை எவரும் அழுத்தக் கூடாது. முகாமையாளர் முன்மொழிந்தார், கணக்காளர் வழிமொழிந்தார். எதிர்ப்பு எதுவும் இல்லை. கடையில் கறுப்பு நாடா முடிந்துவிட்டதால் மண்ணிறத்தில் வாங்கி ஒட்டினோம்.

அதற்குச் சற்று முன்னர்தான் குருநகரிலிருந்து சூசைதாசன் அண்ணையின் அக்கா மெற்றில்டா தொலைபேசியில் அழைத்திருந்தார். "தாசன் எங்களை விட்டிட்டுப் போட்டான், தம்பி" என்றார். பிறகு, "உங்கடை றேடியோவிலை சொல்லுவியள்தானே? இல்லாட்டி அதுக்கும் ஆரிட்டையும் கேக்கவேணுமோ?" என்றும் கேட்டார்.

சூசைதாசன் அண்ணையை அறிந்தவர்களுக்கு அந்தப் பொத்தானைப் பற்றி நான் விளக்கவேண்டியதில்லை. அறியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

அவர் எங்கள் நிலையத்தின் அறிவிப்பாளர். சனிக்கிழமை மாலைகளில் 'சிரிக்காமல் கதையுங்கோ' என்றொரு நிகழ்ச்சி நடத்தினார். விருந்தினர் ஒருவர் வருவார், அல்லது நேயர் ஒருவர் தொலைபேசியில் வருவார். இருவரும் கதைக்கவேண்டும், முதலில் சிரிப்பவர் தோற்றவர். எழுத்தாளன் என்ற பெயரில் நிலையம் எனக்குச் சம்பளம் தந்தது. ஒவ்வொரு வாரமும் கேள்விகள் எழுதிக் கொடுப்பேன். அவர் அவற்றை மரியாதையாக வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, தன் கேள்விகளைக் கேட்பார். மரண விசாரணை அதிகாரி கேட்பதுபோலக் கேட்பார். சிறிய கேள்விகள், முகத்தில் ஓர் அசைவும் இராது.

அளவெட்டியிலிருந்து ஒரு நாதஸ்வரக்காரர் வந்தது நினைவிருக்கிறது. அண்மையில் வாசித்த கலியாணம் எப்படிப் போனது என்று இவர் கேட்டார்.

"தாலி கட்டேக்கை கமராவுக்கை ஆரோ தலையை நீட்டிப்போட்டினமாம். திரும்பக் கட்டச் சொல்லி வீடியோக்காரன் நிண்டவன். நாங்களும் திரும்பக் கெட்டிமேளம் வாசிச்சனாங்கள்."

"ஐயர் என்ன சொன்னவர்?"

"ஐயர் ஒண்டும் சொல்லேல்லை. வெளிச்சம் காணுமோ எண்டு மட்டும் வீடியோக்காரனைக் கேட்டவர்."

"பொம்பிளை?"

"முதல் கட்டினதை அழிச்சுப்போடுவியளோ எண்டு கேட்டவா."

"அழிச்சவையோ?"

அளவெட்டிக்காரர் அங்கேயே தோற்றார். சூசைதாசன் அண்ணை அவர் சிரித்து முடியும்வரை காத்திருந்து, "ஆக, சட்டப்படி எந்த முடிச்சு எண்டது இன்னும் தெரியாது" என்று பதிவுசெய்துவிட்டு விளம்பரத்துக்குப் போனார்.

நிகழ்ச்சி நடந்த காலம் முழுவதிலும் அவர் தோற்றது ஒரே ஒரு முறை. உள்ளூராட்சித் தேர்தலில் நின்ற வேட்பாளர் ஒருவர் விருந்தினராக வந்திருந்தார். அவருடைய மைத்துனர் எங்கள் நிலையத்தின் பெரிய விளம்பரதாரர் என்பதால், என்ன கேட்கக் கூடாது என்று எங்களுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. வாய்க்கால்களைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

"வெண்டால் முதல் வேலை என்ன?"

"வெள்ளத்துக்கு ஒரு நிரந்தரத் தீர்வு."

"உங்கடை வீட்டிலை வெள்ளம் நிக்கிறேல்லையோ?"

"இல்லை. நான் மதிலிலை ஒரு ஓட்டை போட்டு விட்டிருக்கிறன்."

"தண்ணி எங்க போகுது?"

"பக்கத்து வளவுக்கை."

"பக்கத்து வளவுக்காரர் ஒண்டும் சொல்லுறேல்லையோ?"

"அவையள் கனடாவிலை."

"அப்ப அதுதான் அந்த நிரந்தரத் தீர்வு."

"ஓம்" என்றார் வேட்பாளர், மிகுந்த நிம்மதியுடன்.

அந்த 'ஓம்' என்ற சொல்லில்தான் சூசைதாசன் அண்ணை உடைந்தார். கரையில் நிற்கும் வள்ளத்தின் எஞ்சினைக் கயிறு இழுத்துப் பற்றவைப்பார்களே, அதுபோல முதலில் ஓர் இருமல், பிறகு இன்னொன்று, மூன்றாவது இழுப்பில் பற்றிக்கொண்டது. அது நின்றபோது வேட்பாளர் போய்விட்டிருந்தார்.

வேட்பாளர் தேர்தலில் வென்றார். கேள்விகளைத் தான் பொருட்படுத்தவில்லை என்றும், அந்தச் சிரிப்பை மட்டும் தன்னால் மன்னிக்க முடியவில்லை என்றும் மைத்துனர் மூலமாகத் தெரிவித்தார். நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. அந்தப் பேட்டியை அழித்துவிடுமாறு ஒலிப்பதிவாளருக்குக் கட்டளை வந்தது. ஒலிப்பதிவாளர் நல்ல தொழிலாளி. உபயோகமான பொருளை வீசமாட்டார். கேள்விகளை அழித்தார், பதில்களை அழித்தார், சிரிப்பை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார். பகிடிக்குப் பின் அழுத்தும் சிரிப்புப் பொத்தானில் அதுவரை இருந்தது வெளிநாட்டு மண்டபமொன்றில் நூறு பேர் சேர்ந்து சிரித்த சிரிப்பு. எங்கள் பகிடிகளுக்கு அது பெரிய கால்சட்டை போட்டதுபோல இருந்தது. "இது சுத்தமான சிரிப்பு, பின்னாலை ஒரு சத்தமும் இல்லை" என்று சொல்லி, வெட்டி எடுத்த சிரிப்பை ஒலிப்பதிவாளர் பொத்தானில் ஏற்றினார். முகாமையாளர் கேட்டுவிட்டுத் திருப்தி தெரிவித்தார்.

சூசைதாசன் அண்ணைக்கு மரண அறிவித்தல்கள் கொடுக்கப்பட்டன. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன நாட்டை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் என்று தொடங்கி, மைத்துனர்கள், சகலர்கள், பேரப்பிள்ளைகள் என்று நாடு நாடாகப் போகும் அந்தப் பட்டியலை ஒருவரையும் தவறவிடாமல் வாசித்தார். மானிப்பாயில் ஒரு கடைக்காரர், குரலைக் கேட்டவுடன் பழைய பழக்கத்தில் சிரிக்கத் தொடங்கிவிட்டாராம். இறந்தவர் தன் சொந்தச் சித்தப்பா என்பது மூன்றாவது வசனத்தில்தான் அவருக்குப் புரிந்தது. அந்தக் குடும்பம் எங்களிடம் முறையிட வந்தது. அவர்களை வழியனுப்பிவிட்டு, சூசைதாசன் அண்ணை, "செத்த ஆக்களோடை எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை. மற்ற ஆக்களோடைதான்" என்றார்.

அவருடைய நிகழ்ச்சிக்குப் பதிலாகக் காலை நிகழ்ச்சி ஒன்று புதிதாக வந்தது. நடத்துபவர் டினேஷ். கெட்டிக்காரர், தன் பகிடிக்கு யாராவது சிரிக்கும்வரை காத்திருக்கும் பொறுமை மட்டும் இல்லை. பகிடி சொல்வார், பொத்தானை அழுத்துவார். ஒருநாள் இப்படிச் சொன்னார்: "குருநகர் மீன்காரி ஒராளிட்டை விலை கேட்டன். மீனை விட வாய் நாறிச்சுது." பிறகு பொத்தான். இருமல், இன்னொரு இருமல், வள்ளத்து எஞ்சின்.

அன்று பின்னேரம் நானும் சூசைதாசன் அண்ணையும் மீன் வாங்கக் குருநகர்ச் சந்தைக்குப் போனோம். மெற்றில்டா அக்கா, அவருடைய மூத்த சகோதரி, அங்கே நெடுங்காலமாக மீன் விற்றவர். தகப்பனைக் கடல் கொண்டுபோன பிறகு தம்பியைப் படிக்கவைத்ததும் அந்த விற்பனைதான். கத்தியைக் கீழே வைக்காமலே வரவேற்றார்.

"வாரும் ஐயா, வாரும். எங்கடை வாய் நாறுதாம், நீ விழுந்து விழுந்து சிரிக்கிறாய்."

"அக்கா, அது நான் இப்ப சிரிச்சதில்லை. அப்ப சிரிச்சது. வேறை கதைக்கு."

"சிரிச்சது நீயோ இல்லையோ?"

"நான்தான்."

"பிறகென்ன?" என்றார். பக்கத்தில் இருந்த பெண்கள் ஒருவரும் தலை நிமிரவில்லை. எனக்கு மீன் தந்தார்கள். அவருக்குத் தரவில்லை.

மறுநாள் சூசைதாசன் அண்ணை, கோயிலுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு முகாமையாளரின் அறைக்கு வந்தார். என்னையும் கூட வரச் சொன்னார்.

"ஒரு சாமான் கேட்டு வந்தனான்."

"சொல்லுங்கோ அண்ணை."

"என்ரை சிரிப்பைத் தாங்கோ."

முகாமையாளர் சிரித்தார்.

"நான் பகிடிக்குச் சொல்லேல்லை. அந்தப் பொத்தானிலை வேறை ஆரையும் போடுங்கோ. என்ரை சனத்தைப் பாத்து நான் சிரிக்கமாட்டன்."

"அது உங்கடை சிரிப்பெண்டு ஆருக்கண்ணை தெரியும்?"

"என்ரை அக்காவுக்குத் தெரியும்."

முகாமையாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அண்ணை, குறைநினைக்காதையுங்கோ. எங்கடை மைக்கிலை சிரிச்சது, எங்கடை நேரத்திலை சிரிச்சது. அது நிலையத்தின்ரை சொத்து."

சூசைதாசன் அண்ணை அதை நன்றாக யோசித்தார். பிறகு, பழைய சனிக்கிழமைக் குரலில் கேட்டார்: "அப்ப அண்டைக்கு அந்த மனுசனைப் பாத்துச் சிரிச்சது நிலையமோ?"

"அண்ணை..."

"நிலையம் சிரிச்சதுக்கு என்னை ஏன் நிகழ்ச்சியாலை எடுத்தனீங்கள்?"

"தேத்தண்ணி குடிக்கிறியளே?" என்றார் முகாமையாளர். தேநீர் வந்தது. இருவரும் குடித்தார்கள். நான் அறிந்தவரை, அந்த விவகாரம் குறித்து நிலையம் அளித்த முழுப் பதிலும் அந்தத் தேநீர்தான்.

அதன்பிறகு அவர் சந்தைப் பக்கம் போகவில்லை. ஆண்டு இறுதியில் சுவாசப்பை நோய் வந்தது. ஒரு வசனத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாத நிலையில் ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தார். நான் போயிருந்த காலையில், பக்கத்துக் கட்டில்காரர் தன் கைத்தொலைபேசியில் எங்கள் நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். டினேஷ் ஏதோ சொன்னார். பொத்தான்.

"ஆரப்பா உவன், நல்லாச் சிரிக்கிறான்" என்றார் பக்கத்துக் கட்டில்காரர்.

"உவனை எனக்குத் தெரியும்" என்றார் சூசைதாசன் அண்ணை. மூச்சு வாங்கினார். "நல்லவன். எங்க சிரிக்கிறதெண்டுதான் தெரியாது."

அவர் வாயால் நான் கேட்ட கடைசி வார்த்தைகள் அவை.

அவருடைய மரண அறிவித்தலை டினேஷ் வாசித்தார். நன்றாகவே வாசித்தார். வாசித்துவிட்டு வெளியே வந்து, "அண்ணை, அந்தச் சிரிப்பு உண்மையா அவரின்ரையோ?" என்று என்னிடம் கேட்டார். ஓம் என்றேன்.

வியாழக்கிழமை பின்னேரம் குருநகரில் அடக்கம். நிலையத்தின் இலச்சினையும் அலைவரிசையும் பொறித்த மலர்வளையத்துடன் முகாமையாளர் வந்தார். மெற்றில்டா அக்கா அதை வாங்கவில்லை.

"பூ எங்களிட்டை இருக்கு. அந்தச் சிரிப்பை எடுத்துவிடுங்கோ."

"கட்டாயம் பாப்பம் அக்கா" என்றார் முகாமையாளர். மலர்வளையத்தைச் சவப்பெட்டியின் காலடியில் வைத்தார். அலைவரிசை தெரியும்படியாக வைத்தார். சந்தைப் பெண்கள் வந்திருந்தார்கள். தொலைவிலேயே நின்றார்கள். அவர்கள் சூசைதாசன் அண்ணையை மன்னித்தார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்பதற்கும் துணிவு வரவில்லை.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒரே ஒரு கேள்வி. எவராவது எதையாவது தீர்த்துவைத்துவிட்டதாக அறிவிக்கும்போதெல்லாம் அவருடைய குரலில் அது எனக்குக் கேட்கிறது: "தண்ணி எங்க போகுது?" இப்போது நான் எழுதுவதெல்லாம் பெரும்பாலும் அந்தக் கேள்விதான். முகத்தை அசைக்காமல் அதைக் கேட்க மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை டினேஷ் பொத்தானிலிருந்து நாடாவை உரித்தார். அன்றைய முதற் பகிடி மீன் விலையைப் பற்றியது.